நரை அணிலும் நீள லென்ஸும்

நரை அணில் மரத்தை விட்டு இறங்குவது அரிது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், செண்பகத்தோப்பு ஓடைகளின் கரையோரம் நிற்கும் மா, புளி, மருத மரங்களின் உச்சிக் கிளைகளில் அது வாழ்கிறது. தின்பது, உறங்குவது, குட்டி வளர்ப்பது எல்லாம் அங்கேயேதான். அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் கோத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்துக் கூடு வைக்கும். ஆபத்து என்றால் பக்கத்து மரத்துக்குத் தாவிவிட வழி இருக்க வேண்டும். தலையும் உடலும் சேர்ந்து ஓரடிக்குச் சற்று மேல். வால் ஏறக்குறைய அதே நீளம். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். வீட்டு முற்றத்து அணிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய விலங்கு. ஆனால் கீழே நின்று கேமராவைத் தூக்கிப் பிடிப்பவருக்கு அது இலைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் புள்ளி.

இதைக் கணக்காகவே சொல்லலாம். அணில் 20 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதன் உடல் நீளம் 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. லென்ஸ் அதை ஃபிலிமின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பதிக்கும். ஃபிலிம் சட்டத்தின் உயரமோ 24 மி.மீ. குவியத் தொலைவு 300 மி.மீ. ஆனால் உருவம் 5 மில்லிமீட்டரைத் தாண்டும், 600 மி.மீ. ஆனால் பத்தரை மில்லிமீட்டர். அப்போதுதான் காது மடலும் மூக்கும் முதுகு மயிரில் ஓடும் நரையும் தெளியும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கானுயிர்ப் படம் எடுக்கும் பொழுதுபோக்கு, நீள லென்ஸ் சாமானியர் கைக்கு எட்டிய பிறகே பரவியதற்கு இந்த எண்களே காரணம். முக்காலியும் பொறுமையும் மட்டும் இருந்தால் யானையையோ மானையோ ஓரளவு எடுத்துவிடலாம். நரை அணிலுக்கு அது போதாது.

நீண்ட குவியத் தொலைவு வேறு, டெலிஃபோட்டோ வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘டெலி’ என்றே சொல்லிவிடுகிறோம். சாதாரண அமைப்பில் 600 மி.மீ. குவியத் தொலைவு வேண்டுமானால் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டடி இடைவெளி தேவை. டெலிஃபோட்டோ அமைப்பு இதைச் சுருக்குகிறது: முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அந்தக் குவிதலைக் கொஞ்சம் விரித்துவிடும் தொகுதி. விளைவாகக் குழல் குட்டையாக இருந்தாலும் உருவம் நீண்ட லென்ஸின் அளவுக்குப் பெரிதாக விழுகிறது. 1891-ல் இதைத் தனித்தனியே மூவர் வடிவமைத்தனர். லண்டனில் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மையர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, அடால்ஃப் ஸ்டைன்ஹைல். டால்மையர் 1899-ல் தொலைப்படக் கலை பற்றித் தனி நூலே எழுதினார்.

அதற்கு முன்பே இந்தியாவில் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. பம்பாயில் 1854-ல் முதல் சங்கம் அமைந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கல்கத்தாவிலும் சென்னையிலும் அமைந்தன. சென்னைச் சங்கத்தின் பின்னால் இருந்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. அந்தக் காலத்துச் சங்கங்களில் அதிகாரிகள், மருத்துவர்கள், படைத்துறையினர் கூடி, ஒருவர் கொண்டுவந்த காகித நெகட்டிவையும் மற்றொருவர் வாங்கிய லென்ஸையும் சுற்றிக் கொடுத்துப் பார்த்தனர். கருவி ஒருவருடையது, சோதனை எல்லோருடையது என்ற வழக்கம் அங்கே தொடங்கியது. மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களைப் படமெடுத்தார். கனத்த கேமராவை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்ற காலம் அது. எடுத்ததெல்லாம் அசையாத கல்லும் சுதையும். பல விநாடிகள் அசையாமல் நிற்க, காட்டு விலங்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது.

காட்டில் கேமராவுக்கு முன் துப்பாக்கி இருந்தது. வேட்டையை விட்டுப் படத்துக்கு வந்தவர்களில் முன்னோடி, வட இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன். அவரது புலிப் படங்கள் அடங்கிய நூல் 1927-ல் வந்தது. அவர் நீள லென்ஸை நம்பவில்லை. விலங்கு நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, அது மிதித்ததும் ஒளிர்விளக்கு வெடிக்கும்படி செய்தார். கேமரா விலங்கின் பக்கத்தில் இருந்தது, ஆள் தூரத்தில் இருந்தார். தடம் பிடித்து நடக்கும் புலிக்கு இது பொருந்தும். கிளைக்குக் கிளை தாவும் அணிலுக்குக் கம்பி எங்கே கட்டுவது?

தமிழகத்தில் நீள லென்ஸோடு காட்டுக்குள் நடந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்தார். கிருஷ்ணனின் கேமரா கடையில் கிடைக்காத ஒன்று. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். 1968-ல் ஜவாஹர்லால் நேரு நல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு, படமும் நேரடி அவதானிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வேலை. பெங்களூரில் இதே காலத்தில் டி. என். ஏ. பெருமாள் வளர்ந்தார். 1932-ல் பிறந்த அவரது பெயரின் முதல் எழுத்து தஞ்சாவூரைக் குறிக்கும். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்த புகைப்படக்காரரிடம் கற்ற அவர், 2017-ல் மறையும்வரை எண்ணற்ற இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெங்களூரில் 1971-ல் அமைந்த இளைஞர் புகைப்படச் சங்கம் போன்ற இடங்களே தென்னிந்தியக் கானுயிர்ப் புகைப்படக்காரர்களின் பள்ளிக்கூடமாக இருந்தன.

ஜூம் லென்ஸ் சினிமாவிலிருந்து வந்தது. 1902-லேயே அமெரிக்காவில் ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார். 1932-ல் 40 முதல் 120 மி.மீ. வரை மாறும் ‘வாரோ’ லென்ஸ் திரைப்படக் கேமராவுக்காக விற்பனைக்கு வந்தது. சினிமாச் சட்டம் சிறியது. கணத்துக்குக் கணம் படம் மாறிவிடுவதால் சிறு மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும். நிழற்படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்னொரு தடையும் இருந்தது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடும். ஜூம் லென்ஸில் கண்ணாடிகள் அதிகம். 20 பரப்புகள் இருந்தால் பாதிக்கு மேற்பட்ட ஒளி வழியிலேயே போய்விடும். திரும்பிய ஒளியின் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-ல் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இந்தத் தடையைத் தகர்த்தது. இன்று லென்ஸின் முகத்தில் ஊதாவாகவோ பச்சையாகவோ மினுங்குவது அந்தப் பூச்சின் வழிவந்ததுதான்.

35 மி.மீ. நிழற்படக் கேமராவுக்கான முதல் ஜூம் 1959-ல் வந்தது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃப்ராங்க் பாக் வடிவமைத்த ‘ஃபோக்ட்லாண்டர் ஜூமார்’ அது. 36 முதல் 82 மி.மீ. வரை மாறும், 14 கண்ணாடிகள் கொண்டது. அதே ஆண்டில் ஜப்பானின் நிக்கான் 85 முதல் 250 மி.மீ. வரை மாறும் ஜூமையும், இரண்டு ஆண்டு கழித்து 200 முதல் 600 மி.மீ. வரை மாறும் ஒன்றையும் வெளியிட்டது. காகிதத்தில் பார்த்தால் நரை அணிலுக்கான லென்ஸ் 1961-லேயே பிறந்துவிட்டது. ஆனால் அதன் ஒளித்துளை எஃப் 9.5-க்கு மேல் திறக்காது. மர நிழலில், அந்தக் கால ஃபிலிமின் வேகத்தில், அது காட்டும் படம் இருட்டாகவோ அசைந்தோதான் வரும்.

அந்த லென்ஸ் ராஜபாளையத்துக்கு வந்து சேரும் வாய்ப்பும் குறைவு. 1991 வரை இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் வெளிநாட்டுக் கேமராவை எட்டாத பொருளாக்கியிருந்தன. ஃபிலிமுக்கு மட்டும் உள்நாட்டில் ஒரு வழி இருந்தது: 1960-ல் ஊட்டியில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது, அதன் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோலில்தான் ஒரு தலைமுறை படமெடுக்கக் கற்றது. லென்ஸுக்குச் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினரை நம்ப வேண்டும். இல்லையேல் சென்னை பர்மா பஜாரில் தேட வேண்டும். சோவியத் ‘ஜெனிட்’ கேமரா மலிவாகக் கிடைத்ததால் அதற்குப் பொருந்தும் 300 மி.மீ. ‘டாயிர்’ லென்ஸும், 500 மி.மீ. கண்ணாடி எதிரொளிப்பு லென்ஸும் ஆர்வலர்களின் கனவுப் பட்டியலில் இருந்தன. எம்டிஓ 500 என்ற அந்த எதிரொளிப்பு லென்ஸ் 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பரிசு பெற்றது. குழாய்க்குள் ஒளியை ஆடியால் மடித்து அனுப்புவதால் குட்டையானது. ஆனால் பின்புலத்தில் மின்னும் இலையொளி ஒவ்வொன்றும் மெதுவடை போல வட்டமாக விழும்.

இந்தப் பஞ்சம்தான் புகைப்படச் சங்கத்துக்கு உயிர் கொடுத்தது என்று சொல்லலாம். ஊரில் ஒருவரிடம் ஒரு டெலி இருந்தால் அது பத்துப் பேரின் டெலி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதை முக்காலியில் ஏற்றி, ஆளுக்கு இரண்டு மூன்று சட்டம் எடுப்பார்கள். ஒரு ரோலில் இருப்பது 36 சட்டம், ஒவ்வொன்றுக்கும் காசு. எந்தச் சட்டத்துக்கு என்ன ஒளித்துளை, என்ன ஷட்டர் வேகம் என்று நோட்டில் குறித்துவைத்து, ரோலைக் கழுவி, நெகட்டிவை உருப்பெருக்கியில் ஏற்றிப் பார்க்கும்போதுதான் லென்ஸின் தரம் தெரியும். சோதனைக்கும் முடிவுக்கும் இடையே ஒரு வாரம் போகும். குவியத் தொலைவு எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் வேகம் விநாடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது கையில் பிடித்து எடுப்பவர்களின் வாய்ப்பாடு: 300 மி.மீ.க்கு விநாடியில் 300-ல் ஒரு பங்கு. செண்பகத்தோப்பின் மர நிழலில் 100 வேக ஃபிலிமுக்கு 30-ல் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது.

கேமராவுக்கு முன்பே கண்ணால் இந்தக் காடுகளைப் படித்தவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் முன்னோர், செண்பகத்தோப்பில் வாழும் பளியர் பழங்குடியினர். கானுயிர் அறிவியலில் பெயர் பெற்ற ஏ. ஜே. டி. ஜான்சிங் 1970-களின் நடுப்பகுதிவரை சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். நாங்குநேரிக்காரரான அவர், ஓய்வு நாட்களில் இந்த மலைகளில் நடந்தே கானுயிர் ஆய்வுக்குள் வந்தவர். பின்னாளில் ஜே. ஜோஷுவாவுடன் சேர்ந்து நரை அணிலின் வாழிடம் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1994-ல் வெளியானது. அவர் 2024-ல் மறைந்தார். அணிலின் அறிவியல் பெயர் ரட்டுஃபா மக்ரூரா. 1769-ல் இலங்கையிலிருந்து கிடைத்ததை வைத்துப் பென்னன்ட் முதலில் விவரித்தார். தென்னிந்தியாவிலும் காணப்படும் உள்ளினத்தின் ‘தண்டோலேனா’ என்ற பெயரில் சிங்களச் சொல் ஒலிக்கிறது.

1988 டிசம்பரில் இக்காடுகள் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பரப்பு ஏறக்குறைய 485 சதுர கிலோமீட்டர். ஓர் அணிலின் பெயரில் ஒரு சரணாலயம் அமைந்தது இந்தச் சிறு நகரங்களின் கவனத்தை மலைப்பக்கம் திருப்பியது. பஞ்சாலைகளுக்கும் நாட்டு நாய்க்கும் பேர் பெற்றிருந்த ராஜபாளையத்தில் வனவிலங்குச் சங்கம் ஒன்றும் இயங்குகிறது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து இப்பகுதி புலிகள் காப்பகமானது: தமிழகத்தில் ஐந்தாவது, நாட்டில் 51-வது, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். அதன் பிறகு காட்டுக்குள் செல்லும் வழிகளில் கட்டுப்பாடு கூடியது. ஆனால் நரை அணில் மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் புளியந்தோப்புகளுக்கும் வருவதால், வேலிக்கு வெளியே நின்றும் அதைப் பார்க்க முடிகிறது.

மூன்று மாற்றங்கள் சேர்ந்து நீள ஜூமை இங்கே கொண்டுவந்தன. முதலாவது அசைவுத் தடுப்பு: 1995-ல் கேனான் வெளியிட்ட 75–300 மி.மீ. ஜூமில் கை நடுக்கத்தை உணர்ந்து உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுதி எதிர்த்திசையில் நகரும் அமைப்பு வந்தது. இரண்டாவது டிஜிட்டல்: 2003-ல் விலை குறைந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வந்ததும், படம் வீணாகுமோ என்ற அச்சம் போனது. அவற்றின் உணரி ஃபிலிமை விடச் சிறியது, உயரம் 15 மி.மீ. சொச்சம். முன்பு சொன்ன பத்தரை மி.மீ. அணில் அதில் சட்ட உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பிவிடுகிறது. மூன்றாவது விலை. 2013-ன் இறுதியில் டாம்ரான் 150–600 மி.மீ. லென்ஸை அறிவித்தது, எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டே சிக்மா அதே அளவில் ஒன்றைக் கொண்டுவந்தது. 2015-ல் நிக்கான் 200–500 வந்தது. அதுவரை 600 மி.மீ. என்றால் கார் வாங்கும் பணம். இந்த மூன்று லென்ஸ்களும் வந்த பிறகு, அது ஆசிரியரும் ஆலைப் பணியாளரும் சீட்டுப் பிடித்தோ சேமித்தோ வாங்கக்கூடிய பொருளாயிற்று. இந்தக் கலையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் சிற்றூர்களுக்கு நேரவில்லை.

புது ஜூம் ஒன்று சங்கத்துக்கு வந்தால் அதைச் சோதிக்கும் முறை இந்த வட்டாரத்தின் நிலத்தை ஒட்டியே அமைகிறது. அசையாத பொருளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரத்தை விடச் சிறந்தது இல்லை. 11 நிலை, 192 அடி; உச்சியிலிருந்து அடிவரை நுணுக்கமான வேலைப்பாடு. தரையில் முக்காலியை நிறுத்தி, 150-லிருந்து 600 வரை ஒவ்வொரு அளவிலும் ஒரே உருவத்தை எடுத்து, சட்டத்தின் நடுவும் மூலையும் ஒரே அளவு தெளிவாக இருக்கின்றனவா என்று ஒப்பிடலாம். நீள ஜூம்கள் பலவும் கடைசி நூறு மில்லிமீட்டரில் சற்று மென்மையாகும். எஃப் 8-க்கு மூடினால் தேறும். காலை ஒன்பது மணிக்குள் இதை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியதும் தார்ச்சாலையிலிருந்தும் கூரைகளிலிருந்தும் எழும் கானல் காற்றையே நெளியச் செய்யும். லென்ஸில் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவை எத்தனையோ, குறை காற்றில் இருந்திருக்கும்.

ஆடிப்பூரத் தேரின்போது வேறொன்று தெரியும். தூரத்தில் நின்று நீள லென்ஸில் எடுத்தால் தேரும் கோபுரமும் வடம் பிடிக்கும் கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல நெருங்கி நிற்கும். லென்ஸ் நெருக்குகிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் அது தூரத்தின் வேலை: தொலைவில் நின்று பார்க்கும்போது முன்பொருளுக்கும் பின்பொருளுக்கும் அளவு வேறுபாடு குறைகிறது; லென்ஸ் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குகிறது.

அசையும் பொருளுக்குக் கண்மாய்கள் உண்டு. நீர் நிறைந்த மாதங்களில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நாரைகளும் வரும். பறக்கும் பறவையைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பி, தானியங்கிக் குவியம் எத்தனை சட்டத்தில் பிடிவிடாமல் நிற்கிறது என்று எண்ணுவார்கள். அடுத்த கட்டம் தோப்பு. இங்கேதான் பல லென்ஸ்கள் தடுமாறும்: அணிலுக்கு முன்னால் ஆடும் ஒரு புளியிலை போதும், குவியம் அங்கே தாவிவிடும். நடு ஒற்றைப் புள்ளியை மட்டும் தேர்ந்து கண்ணில் வைப்பதே பழகியவர்களின் வழி. எந்தக் குறைந்த தூரம்வரை குவியம் பிடிக்கும் என்பதையும் பார்ப்பார்கள். வழியில் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்தால் அது உதவும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் சோதனை வேறு: லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் காப்பது. உறையில் பூட்டி அலமாரியில் வைத்த லென்ஸில்தான் அது முதலில் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்து, அவ்வப்போது வெயில் வெளிச்சத்தில் எடுத்துப் பார்ப்பதே மருந்து.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு, இந்த ஜூம்களுக்கு அழகுப் படத்தைத் தாண்டிய வேலை கொடுத்தது. தொலைவில் சுழலும் பருந்து எந்த இனம் என்று கண்ணால் சொல்ல முடியாதபோது, சிறகின் அடிப்பக்க வரிகள் தெரியும் ஒரு மங்கலான படம் போதும். தேதியும் இடமும் சேர்ந்தால் அது சான்றாகிவிடும். நரை அணிலைப் பொறுத்தவரை லென்ஸ் கூட்டைத்தான் அதிகம் பார்க்கிறது. ஓர் அணில் பல கூடுகளை வைத்திருக்கும் என்பதால் கூட்டை எண்ணி அணிலைக் கணக்கிட முடியாது. பச்சை இலை புதிதாகச் செருகப்பட்ட கூடு எது, காய்ந்து சரிந்துபோனது எது என்பதை 600 மி.மீ. வழியே ஓடையின் அக்கரையிலிருந்தே பிரித்தறியலாம். குட்டி இருக்கும் கூட்டின் அடியில் ஆள் போய் நிற்க வேண்டியதில்லை. தாய் அணில் கத்துவதற்கு முன்பே பார்த்து, குறித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.